சக்கை எங்கே போகிறது

ஆஸ்பத்திரி அடுப்படிக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ரொம்பப் பயந்தவள். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போனபிறகு, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி ஓடிவருகிற ரகம். ஏழாம் வகுப்புப் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அம்மா படுத்த படுக்கையானாள், தங்கைகளுக்குச் சோறு பொங்க ஆள் வேண்டும், அவ்வளவுதான் கதை. படிப்பு இல்லாதவளுக்குத் தப்பு செய்துவிடுவோமோ என்கிற பயம் எப்போதும் கூடவே இருக்கும். மற்றவர்கள் ஒரு தடவை கேட்டுக்கொள்வதை நான் மூன்று தடவை கேட்பேன். "கன்னியம்மா வந்துட்டா, இனிமே நம்ம மண்டை காயும்" என்று நர்சுகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நம் வேலையில் பயம் ஒன்றும் கெட்ட குணம் இல்லை. பயந்தவள்தான் மூடியைத் திறந்து பார்ப்பாள்.

உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தரப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அதில் எனக்கு வேலை இல்லை. நான் சொல்லப்போவது ஒரு கணக்கு வாத்தியாரைப் பற்றி, அவர் மனைவியைப் பற்றி, அப்புறம் ஒரு பசுமாட்டைப் பற்றி.

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நான் அங்கே நோயாளிகளுக்குச் சமைக்கிற அடுப்படியில் இருந்தேன். செம்பாக்கத்திலிருந்து ஏரிக்கரை வழியாக நடந்தே வந்துவிடுவேன். எங்கள் டாக்டரம்மா அதிகம் பேசாதவர். கோபம் வந்தாலும் குரல் ஏறாது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவோம்.

கணக்கு வாத்தியார் ஞானமுத்து சார் அவரிடம் வந்தது நெஞ்சில் லேசாக அழுத்துகிறது என்று. நாற்பதைத் தாண்டியவர், ஒல்லியான ஆள். கண் இமைகளின் ஓரத்தில் மஞ்சளாக, சந்தனத்தைத் தொட்டு வைத்த மாதிரி சின்னச் சின்னத் தடிப்புகள். டாக்டரம்மா அதைப் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "உங்க அப்பாவுக்கும் இப்படி இருந்துச்சா?" என்பதுதான்.

"அப்பாவுக்கு, பெரியண்ணனுக்கு, சின்னண்ணனுக்கு. எல்லாருக்கும் இருந்துச்சு டாக்டர். மூணு பேரும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனாங்க. எங்க வீட்டுல ஆம்பளைங்க ரிட்டயர் ஆகிற வழக்கம் கிடையாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி கிரேஸ் அக்கா சிரிக்கவில்லையாம்.

ரத்தத்தை எடுத்து ரயிலில் பட்டணத்துப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்பினார்கள். கொலஸ்ட்ரால் மிக அதிகம் என்று வந்தது. பரம்பரையாக வருகிற வகை. அந்தக் காலத்தில் அதற்கு இருந்த மாத்திரை இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி, கால் சதையெல்லாம் வலி, கரும்பலகைக்கு முன்னால் நிற்கக்கூட முடியவில்லை. நிறுத்திவிட்டார்கள். அப்புறம்தான் டாக்டரம்மா எங்கள் அடுப்படிக்கு வந்தார்.

அப்போதெல்லாம் நோயாளிச் சாப்பாடு என்றாலே வடிகட்டுவதுதான். கஞ்சியை மெல்லிய துணியில் வடிப்போம். ரசத்தில் ஒரு பருப்புத் துணுக்கு மிதந்தால் தலைமைச் சமையல்காரருக்கு முகம் சுண்டிவிடும். கீரையைக்கூட மசித்து, சல்லடையில் தேய்த்துத்தான் வார்டுக்கு அனுப்புவோம். தோல், நார், திப்பி எல்லாம் பின்வாசல் வாளிக்குப் போய்விடும். நல்லதெல்லாம் சாற்றில் இறங்கிவிட்டது, மிச்சம் இருப்பது சக்கை. இதில் எங்களில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. எவ்வளவு நைசாக வடிக்கிறோமோ அவ்வளவு அக்கறை என்று அர்த்தம்.

"இந்த வாத்தியாருக்குப் பண்றதுல எதையும் வடிகட்டாதே கன்னியம்மா. தோலும் எடுக்காதே" என்றார் டாக்டரம்மா.

"திப்பி தட்டுமே டாக்டரம்மா?"

"தட்டட்டும்."

"சாருக்குத் தொண்டையில மாட்டிக்கிச்சின்னா?"

கண்ணாடியைக் கழற்றப்போகிறார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"நார் நம்ம உடம்புல கரையாது. குடல் வழியா அப்படியே வெளிய போயிடும். போறப்போ பித்தத்தையும் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போகும். திரும்பப் பித்தம் பண்றதுக்கு ஈரலுக்குக் கொழுப்பு வேணும். அதை ரத்தத்துல இருந்து எடுத்துக்கும். இப்படித்தான் இருக்கணும்னு இப்போ டாக்டர்களுக்குள்ள ஒரு பேச்சு இருக்கு. நிச்சயமா எனக்குத் தெரியாது. மாத்திரையும் இல்ல, வேற வழியும் இல்ல. செஞ்சு பார்க்கலாம்."

நிச்சயமாகத் தெரியாது என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அதைக் கேட்டதும் பயம் கூடியது. அவர் மேல் மரியாதையும் கூடியது.

அப்போது பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. சார் மத்தியானமும் சாயங்காலமும் சைக்கிளில் வந்து எங்கள் பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார். தோலோடு வேகவைத்த கொள்ளு, கொத்தவரங்காய், அவரைக்காய், ஊறவைத்த வெந்தயம், காம்போடு கீரை, சலிக்காத கேழ்வரகு மாவில் களி, வெள்ளைச் சோறு கிடையாது. இதற்கெல்லாம் முன்னால், மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற இசப்கோல் உமியைத் தண்ணீரில் கலக்கி ஒரு டம்ளர்.

"தொழுவத்துல இன்னிக்கு என்ன தீனி, கன்னியம்மா?" என்று கேட்டுக்கொண்டேதான் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவார்.

அந்த உமி கலக்கிய உடனே குடிக்க வேண்டும். நின்றால் கூழாக இறுகிவிடும். மேலே நிறையத் தண்ணீர் குடிக்காவிட்டால் தொண்டையை அடைத்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் அவருடைய தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"ஏன் இப்படி முழிச்சுப் பார்க்கிறே? அடைச்சா சொல்றேன், போ."

"அடைச்சா எப்பிடி சார் சொல்லுவீங்க?"

அதைக் கேட்டு அவருக்குப் புரை ஏறிவிட்டது. நான் பயத்தில் செத்தே போனேன்.

கோடை முடிகிற சமயத்தில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கொலஸ்ட்ரால் கொஞ்சம் இறங்கியிருந்தது. நோய் போய்விட்டது என்று சொல்லுகிற அளவுக்கு இல்லை, ஆனால் இறங்கியிருந்தது. டாக்டரம்மா அடுப்படி வரைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனார். மருந்து கேட்டு வந்து வேறு வழியில்லாமல் இருந்த இன்னும் சிலருக்கும் இதையே கொடுத்துப் பார்க்கலாம் என்று அவருக்கு ஓர் எண்ணம் பிறந்தது அன்றைக்குத்தான்.

பள்ளிக்கூடம் திறந்தது. சார் மத்தியானம் வர முடியாது. இனி வீட்டிலேயே செய்ய வேண்டும் என்று கிரேஸ் அக்கா கற்றுக்கொள்ள வந்தார்.

கிரேஸ் அக்கா சமையலில் பேர் வாங்கியவர். தேவாலயத்தில் விருந்து என்றால் அவர்தான் முன்னால் நிற்பார். அப்படிப்பட்டவரை என் அடுப்புக்கு முன்னால் நிற்கவைத்து, கொள்ளு வேகவைக்கச் சொல்லித்தருவதற்கு எனக்கு நாக்கு கூசியது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே, "இத்தனை வருஷமா நான் பார்த்துப் பார்த்துப் போட்ட சோறுதான் அவரை இப்படி ஆக்கிடுச்சா, கன்னியம்மா?" என்றார்.

"ஐயோ, இல்லக்கா. அது ரத்தத்துலயே வர்றதுன்னு டாக்டரம்மா சொல்லிக்கீறாங்க. நீங்க இன்னா பண்ணுவீங்க?"

தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. வாசல் வரைக்கும் கூடவே போனேன். "வடிகட்டிடாதீங்கக்கா" என்று இரண்டு தடவை சொன்னேன். அதற்கும் தலையை ஆட்டினார்.

மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில் மறுபடி பரிசோதனை. கொலஸ்ட்ரால் ஏறி, பழைய இடத்துக்கே வந்து நின்றது.

டாக்டரம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். சாரும் கிரேஸ் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் கண்ணாடி கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

"நீ இவங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுல எதையாவது மாத்தினியா கன்னியம்மா?"

"சத்தியமா இல்ல டாக்டரம்மா."

"வீட்டுல அப்படியேதான் செய்யறீங்களா?"

"அப்படியேதான் டாக்டர்" என்று முந்திக்கொண்டு சொன்னது சார். "ஒரு நாள் விடல. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சாப்பிடறேன். கிரேஸ் எவ்வளவு பாடுபடறா தெரியுமா?" கிரேஸ் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ கோடையில இறங்கினது தற்செயலா இருக்கலாம்" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "இது உங்களுக்கு வேலை செய்யல போல இருக்கு."

சார் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டு சொன்னார்: "பரவாயில்ல டாக்டர். அண்ணன்மாருக்கு இந்த அளவுக்குக்கூட யாரும் முயற்சி பண்ணல. போதும், நிறுத்திடுவோம். கிரேஸ், நீ உன் தம்பி வீட்டுப் பக்கமா ஒரு வீடு பார்க்கச் சொல்லு. சுசீலா பள்ளிக்கூடம் முடிக்கிறவரைக்கும் உனக்குத் துணை வேணும்."

மளிகைக்கு என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னார். சுசீலா அவர்களுடைய ஒரே மகள். பெரியண்ணன் போன வயதுக்கு சாருக்கு இன்னும் சில வருடங்கள்தான் இருந்தன. அந்த அறையில் இருந்த நாலு பேருக்கும் அது தெரியும்.

என் பயம் அன்றைக்கு என்னைப் பிய்த்துத் தின்றது. கோடையில் என் கையால் சாப்பிட்டபோது இறங்கியது, வீட்டுக்குப் போனதும் ஏறியது. நடுவில் நான் என்ன சொல்லாமல் விட்டேன்? கொள்ளா, உமியா, தண்ணீரா? தற்செயல் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட வேண்டியதுதானே? மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம், சார் வேண்டாம் என்றாலும் அக்கா நிறுத்தியிருக்க மாட்டார், உமி தீர்ந்திருக்குமே என்று ஒரு சாக்கை வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

முன்வாசல் சாத்தியிருந்தது. பின்பக்கமாகப் போனேன். வேலிப் படலுக்கு வெளியே ஒரு செவலைப் பசு, கழுத்தை உள்ளே நீட்டிக்கொண்டு நின்றது. அதைக் கயிற்றால் இழுத்து இழுத்துப் பார்த்துத் தோற்றுப்போய் நின்றாள் பால்காரப் பெண்.

"இன்னாம்மா கிரேசு, எம்மாட்டுக்கு இன்னா வசியம் வெச்சிக்கீற? சாயங்காலம் ஆனா உன் வூட்டாண்டதான் வந்து நிக்குது. புல்லுகூடத் திங்க மாட்டேங்குது!"

"இரு, இந்தா முடிஞ்சுது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கிரேஸ் அக்கா ஒரு வாளியோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

வாளியில் என்ன இருந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. வெந்து மலர்ந்த கொள்ளு. பிழிந்துபோட்ட கேழ்வரகுத் திப்பி. கீரைத் தண்டு, அவரைத் தோல், வெந்தயம். மேலே வழுவழுவென்று ஒரு துணியிலிருந்து சுரண்டிப்போட்ட உமி. பசு இரண்டே வாயில் பாதியை முடித்துவிட்டது. அவருக்குப் பின்னால், அடுப்படிக் கதவின் தாழ்ப்பாளில், வெள்ளைத் துணி ஒன்று மூட்டையாகக் கட்டித் தொங்கியது. கீழே பாத்திரத்தில் கேழ்வரகுப் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

பால்காரப் பெண் மாட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லவா? ஒரு மனிதர் தன் சாவுக்குத் தேதி குறித்துக்கொண்டிருக்கிறார், இங்கே மாடு கொழுக்கிறது. வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நான் கத்துவதற்கு முன்னால் அந்த அடுப்படி என் கண்ணில் பட்டது. கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள், துணியை எப்படி முறுக்கிக் கட்டியிருந்தார் என்பது, பால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் பாத்திரம் வைத்திருந்த விதம். என் அடுப்படியில் ஒரு பெண் இவ்வளவு கவனமாக வேலை செய்திருந்தால் நானே மெச்சியிருப்பேன். கைக்குழந்தைக்குச் செய்வதுபோலச் செய்துகொண்டிருந்தார்.

"கொஞ்சம் தாங்கக்கா, குடிச்சுப் பார்க்கறேன்" என்றேன்.

ஒரு டம்ளர் கொடுத்தார். பட்டுப்போல இறங்கியது. "நல்லாக்கீது" என்றேன். அவர் அழ ஆரம்பித்தார்.

"கிளாஸ்ல பசங்க சிரிக்கிறாங்களாம் கன்னியம்மா."

"எதுக்கு?"

"உனக்குத் தெரியாதா? கொள்ளும் அவரையும் கொத்தவரையுமா மூணு வேளையும் தின்னா... வயிறு உப்பிக்கிட்டு... போர்டுல எழுதிக்கிட்டு இருக்கும்போது..." முகத்தை மூடிக்கொண்டார். "கணக்கு சாருக்கு பேண்டு வாத்தியார்னு பேரு வெச்சுட்டானுங்களாம். அவர் என்கிட்டச் சொல்லல. சுசீலா கேள்விப்பட்டு வந்து சொன்னா. அன்னிக்கு ராத்திரி அவர் சாப்பாட்டு முன்னாடி உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் எதுவும் சொல்லாம சாப்பிட்டார். என்னால பார்க்க முடியல. சத்தெல்லாம் சாறுல இறங்கிடுமே, சக்கைதானேன்னு... அடுத்த நாள்ல இருந்து அவருக்குத் தெரியாம வடிகட்டிட்டேன், கேட்டா எல்லாம் குழைய மசிச்சதுதான்னு சொல்லிட்டேன். வயிறும் சரியாப்போச்சு. நீ நல்லாப் பண்றே கிரேஸ்னு சொன்னார்."

அங்கேயே உட்கார்ந்தேன். டாக்டரம்மா எனக்குச் சொன்னதை, குடலில் பித்தத்தை இழுத்துக்கொண்டு போகிறதை, எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். "அந்தத் திப்பியிலதான்கா வேலையே. சாறுல ஒண்ணும் இல்ல." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் வெளுத்தது. மருந்தை மாட்டுக்குப் போட்டுவிட்டுத் தண்ணீரைப் புருஷனுக்குக் கொடுத்திருக்கிறோம் என்று புரிந்துபோயிற்று.

"அவருக்குத் தெரிய வேணாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் நாளைல இருந்து ஒழுங்காப் பண்ணிடறேன். டாக்டர்கிட்ட நீ சொல்லிடாதே. என் கையாலயேன்னு தெரிஞ்சா அவர் மனசு..."

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது, இரண்டும் சுலபம். ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாம். அல்லது சரி அக்கா என்று வாயை மூடிக்கொள்ளலாம். சொல்லிவிட்டால் இந்த அம்மா கணவர் முன்னால், டாக்டர் முன்னால் குற்றவாளியாக நிற்பார். மூடிக்கொண்டால், நார் வேலை செய்யவில்லை என்று டாக்டரம்மா முடிவுகட்டிவிடுவார். சாருக்கு மட்டுமா? அவருக்குப் பின்னால் காத்திருக்கிறவர்களுக்கும் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும். சாரும் வயிறு உப்பலைத் தாங்க முடியாமல் மறுபடி தட்டையே பார்த்துக்கொண்டு உட்காருவார். நாம் அடுப்படிக்காரர்கள். நோயாளி தட்டில் என்ன விழுந்தது என்பதை டாக்டரிடம் மறைக்கிற உரிமை நமக்குக் கிடையாது. ஆனால் அதை எப்படிச் சொல்வது, யார் வாயால் சொல்வது என்பதில் நமக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது.

பயந்துகொண்டேதான் சொன்னேன். "நான் உங்க முதுகுக்குப் பின்னால போயி சொல்ல மாட்டேன்கா. ஆனா சொல்லாமயும் இருக்க முடியாது. திங்கக்கிழமை காலைல வாங்க. நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"என்னால வாயைத் தொறக்க முடியாது கன்னியம்மா."

"தொறக்கலன்னா பரவால்ல. வந்து நில்லுங்க."

ஞாயிறு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வருவாரா, வரமாட்டாரா. வராவிட்டால் நான் சொல்வேனா. சொல்வேன் என்று முடிவு செய்வேன், உடனே மனசு கலைந்துவிடும்.

வந்தார். சாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு தூக்குச்சட்டி. டாக்டரம்மாவின் மேசைமேல் அதை வைத்து மூடியைத் திறந்தார். டாக்டரம்மாவுக்குக் காட்டவென்றே அன்று காலையும் பிழிந்தெடுத்த கொள்ளு, கேழ்வரகுத் திப்பி, எல்லாம் இருந்தது.

டாக்டரம்மா சட்டியைப் பார்த்தார். கிரேஸ் அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது எங்கே போய்க்கிட்டு இருந்துச்சு?" என்றார்.

"மாட்டுக்கு" என்றார் கிரேஸ் அக்கா, காற்று மாதிரி.

கண்ணாடியைக் கழற்றப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. திறந்து பார்த்தால் டாக்டரம்மாவின் தோள் குலுங்குகிறது. சிரிப்பை அடக்குகிறார். "அந்த மாட்டுக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கலாம்" என்றார்.

ஆனால் நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது சாரை. அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்தபோது கோபம்தான் வரும் என்று நினைத்தேன். அவர் காது மடல் சிவந்தது.

"பசங்க வெச்ச பேரு உனக்குத் தெரியுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

அக்கா தலையாட்டினார்.

"நான் உன்கிட்ட மறைச்சேன். நீ என்கிட்ட மறைச்சே. டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் மறைச்சோம்." டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "தப்பு என் பேர்ல போடுங்க டாக்டர். வயித்து உப்புசத்தைப் போயி ஒரு லேடி டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு கூச்சப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியில் கையை விட்டார். ஒரு பிடி திப்பியை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றார். மாடு அசைபோடுகிற மாதிரியேதான் இருந்தது. விழுங்கி முடித்து, "உப்பு போடலியே கிரேஸ்" என்றார்.

"மாட்டுக்கு எதுக்குங்க உப்பு?" என்று அழுகையும் சிரிப்புமாக அக்கா சொன்னார். நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். தொண்டையில் மாட்டிக்கொண்டால்?

அப்புறம் டாக்டரம்மா எங்களோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினார். ஒரேயடியாக மூன்று வேளையும் வேண்டாம், முதலில் கொஞ்சம், வயிறு பழகப் பழகக் கூட்டலாம் என்றார். தண்ணீரைக் கூட்டச் சொன்னார். உப்புசம் வந்தால் வெட்கப்படாமல் வந்து சொல்ல வேண்டும் என்றார். "எதைச் செய்யணும்னு சொன்னேன். எதுக்காகன்னு உங்க ரெண்டு பேருக்கும் சொல்லல. அது என் வேலை" என்றும் சொன்னார். மிச்சத்தைக் கிரேஸ் அக்கா பார்த்துக்கொண்டார். கொள்ளை முதல் நாளே ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார். பூண்டும் பெருங்காயமும் சேர்ப்பார். தோலோடு அரைத்து அடையாகச் சுடுவார். கொத்தவரங்காயோடு தேங்காய் ஒரு சிட்டிகைதான், ஆனால் வாசம் தெரு வரைக்கும் வரும். திப்பியை ஒளிக்காமலே ருசியாக்கினார். எனக்கு அது தோன்றவே இல்லை. பிற்பாடு இதே பிரச்சினையோடு யார் வந்தாலும், அந்த வீட்டுப் பெண்களைக் கிரேஸ் அக்கா வீட்டுக்குத்தான் அனுப்பிவைத்தோம். பால்காரப் பெண் மட்டும் நெடுநாள் எங்களோடு பேசவில்லை.

நீங்கள் யாரும் போய், நார் தின்றால் நெஞ்சு நோய் போய்விடும் என்று சொல்லிவைக்காதீர்கள். டாக்டரம்மா கடைசிவரை அப்படிச் சொன்னதில்லை. "சிலருக்கு உதவுது. எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல. பரம்பரையா வர்றதுக்கு இது மட்டும் போதாது" என்றுதான் சொல்வார். சாருக்கும் கொலஸ்ட்ரால் மறுபடி கொஞ்சம்தான் இறங்கியது. ஆனால் இறங்கின இடத்தில் நின்றது. அவர் அதுவரை பிடித்துக்கொண்டிருந்த பீடியை விட்டார், சைக்கிளை விடவில்லை. எது காப்பாற்றியது என்று யாருக்குத் தெரியும்?

நான் உங்களுக்குச் சொல்வது வேறு. நோயாளி என்ன சாப்பிட்டார் என்று மட்டும் கேட்காதீர்கள், என்ன மிஞ்சியது, எங்கே போனது என்றும் பாருங்கள். வாளியைப் பாருங்கள், பின்வாசலைப் பாருங்கள். சொன்னபடி செய்யவில்லை என்று தெரிந்தால், உடனே குற்றம் சொல்லாதீர்கள். பெரும்பாலும் யாரோ யாரையோ காப்பாற்றுவதாக நினைத்துத்தான் மாற்றியிருப்பார்கள். காறித்துப்புகிற மாதிரி கேட்டால் அதை உங்களிடம் சொல்லவே மாட்டார்கள்.

சில வருடங்கள் போயின. ஒரு நாள் காலையில் சார் கிரேஸ் அக்காவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு சைக்கிளில் வந்தார். இருவரும் சலவை உடுப்பில் இருந்தார்கள். ஏதோ விசேஷம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. எனக்கு உடனே பயம், ரத்தத்தில் ஏதாவது வந்துவிட்டதோ என்று.

"இன்னா சார், உடம்புக்கு ஏதாச்சும்...?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. கன்னியம்மா, இன்னிக்கு வெள்ளைச் சோறு இருக்கா? ஒரு கரண்டி போடேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஒற்றை விரலைக் காட்டி, "ஒரே ஒரு கரண்டி" என்றார்.

பின்கட்டில் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். சூடான சோற்றில் துளி ரசம் விட்டேன். அவர் பிசையவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பெரியண்ணன் போன வயசை நேத்தோட தாண்டிட்டேன்" என்றார். "சின்ன வயசுல மழை வந்தா பள்ளிக்கூடத்துக்குப் போற வழியெல்லாம் தண்ணியா இருக்கும். அவன்தான் என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போவான். இன்னிக்குக் காலைல எழுந்து யோசிச்சுப் பார்க்கிறேன், இனிமே அவன் என்னைவிடச் சின்னவன்."

கிரேஸ் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முதுகில் கையை வைத்தார்.

"சாப்பிடுங்க" என்றார். "ஆறிடப்போவுது."